திறந்த வீட்டின் பூட்டு

எலும்பு முறிந்தவர்கள் எங்கள் ஆஸ்பத்திரியில் முதலில் என்னிடம் வருவார்கள், அடுத்து அவனிடம் போவார்கள். நான் எக்ஸ்ரே எடுப்பவள். அவன் மாவுக்கட்டுப் போடுபவன். பெற்றவர்கள் வைத்த பெயர் அவனுடைய அடையாள அட்டையில் மட்டும்தான் இருக்கிறது. பெரிய டாக்டரிலிருந்து தரை துடைக்கிறவர் வரை எல்லோருக்கும் அவன் கட்டுக்காரன். என்னைவிடச் சின்னவன், அக்கா என்று கூப்பிடுவான். வேலையில் பக்கத்து அறை, ஊழியர் குடியிருப்பில் எதிர்வீடு. அவன் கதவைத் திறந்தால் என் கதவு தெரியும். ஆகவே அவனைப் பற்றிச் சொல்ல அவன் மனைவிக்கு அடுத்தபடியாக எனக்குத்தான் உரிமை. அவள் சொல்லப்போவதில்லை, அதனால் நான் சொல்கிறேன்.

கட்டு அறைக்குள் போனால் ஈரச் சுவரின் வாடை அடிக்கும். ஒரு மேஜை, ஒரு வாளித் தண்ணீர், சுருள் சுருளாக மாவுத்துணி, மூட்டையாகப் பஞ்சு. முறிந்த கையில் முதலில் பஞ்சைச் சுற்றுவான். பிறகு மாவுத்துணிச் சுருளை வாளியில் அமுக்கி, குமிழி வருவது நிற்கும்வரை பிடித்திருந்து, பிழிந்து, கைமேல் சுற்றிக்கொண்டே போவான். கட்டு இறுகும்போது சூடாகும். சுடுகிறதே என்று நோயாளி பதறினால், சுட்டால்தான் கெட்டிப்படும், கொஞ்சம் பொறுங்கள் என்பான். அவன் உடம்பில் மாவு ஒட்டாத இடம் கிடையாது. அவனுடைய காதுக்குப் பின்னால் எப்போதும் ஒரு வெள்ளைத் தீற்றல் இருக்கும். அதைத் துடைக்கச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது.

கட்டைப் பிரிப்பதுதான் அவன் வேலையில் கஷ்டமான பாதி. அதற்கென்று ஒரு ரம்பம் இருக்கிறது. அது போடும் சத்தத்தில் பெரிய மீசைக்காரர்களே கண்ணை மூடிக்கொள்வார்கள். அவன் சுற்றுகிற ரம்பத்தைத் தன் உள்ளங்கையில் வைத்துக் காட்டுவான். கெட்டியானதை மட்டும்தான் இது வெட்டும், மெத்தென்று இருப்பதை விட்டுவிடும் என்பான். கட்டுக்குள்ளிருந்து என்னென்னவோ விழும். அரிப்புத் தாங்காமல் உள்ளே விட்டுச் சொறிந்த பேனா மூடி, குச்சி, ஸ்பூன். ஒருவர் சீப்பை உள்ளே விட்டுவிட்டு வீடெல்லாம் தேடியிருக்கிறார். அவருக்குத் தலையில் முடி இருந்தாலாவது அந்தத் தேடலுக்கு அர்த்தமிருந்திருக்கும்.

கட்டை இரண்டாகப் பிளக்கும்போது அவன் தன் இடது கையை அடியில் கொடுத்து வைத்துக்கொள்வான். கட்டு நீங்கிய கை பொத்தென்று கீழே விழும் என்பது பலருக்குத் தெரியாது. விழாவிட்டால், கட்டு இன்னும் இருப்பதுபோலவே மடங்கி நிற்கும். நீட்டுங்கள் என்றால் நீட்ட மாட்டார்கள். அவன் பிடித்து இழுத்து நீட்டவும் மாட்டான். அடியில் கையை வைத்தபடி எல்லோரிடமும் ஒரே வார்த்தையைச் சொல்வான். "கை இப்ப உங்களோடதுதான். அதுக்குத்தான் இன்னும் தெரியல."

இவ்வளவு விவரமான ஆள் தன் வீட்டில் கோட்டை விட்டான்.

மகளுடைய படிப்புக்காக அவன் மனைவி கடல் தாண்டி வேலைக்குப் போனாள். இரண்டு வருஷம் என்றுதான் பேச்சு. ஞாபகம் தப்பிப்போன ஒரு வயதான அம்மாளை வீட்டோடு இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும். அந்தம்மாவுக்கு ஒரே மகன், தனிக்கட்டை. முன்பு ஒருமுறை அந்தம்மா வீட்டைவிட்டு இறங்கிப் போய், எங்கோ ஒரு பேருந்து நிலையத்தில் உட்கார்ந்திருந்தாராம். அன்றிலிருந்து மகன் காலையில் வேலைக்குப் போகும்போது வெளியே பூட்டிக்கொண்டு போவான், சாயங்காலம் வந்து திறப்பான். துணைக்கு ஆள் வந்த பிறகும் அந்தப் பழக்கம் நிற்கவில்லை. முன்பு பூட்டுக்குள் ஒருத்தர் இருந்தார், பிறகு இரண்டு பேர், அவ்வளவுதான் வித்தியாசம். பாஸ்போர்ட்டையும் பத்திரமாக இருக்கட்டும் என்று தன் அலமாரியில் வைத்துக்கொண்டான். வேளாவேளைக்குச் சாப்பாடு, உடம்புக்கு வந்தால் மருந்து, மரியாதையான பேச்சு, எதிலும் குறை வைக்கவில்லை. எனக்கு எரிச்சலே அதுதான். கெட்டவனாக இருந்திருந்தால் திட்டித் தீர்த்திருக்கலாம்.

இரண்டு வருஷம் முடிந்தபோது, அம்மா உங்களைத்தான் தேடுகிறார், இன்னும் கொஞ்ச நாள் என்றான். அந்தக் கொஞ்ச நாள் நீண்டு ஏழாவது வருஷம் நடந்தது.

இங்கே கட்டுக்காரன் காத்திருந்தான். அந்தம்மா மதியம் கண்ணயரும் நேரத்தில்தான் அவளால் போன் பேச முடியும். எழுந்துவிடுவாரே என்று கிசுகிசுப்பாள். இவனும் கட்டு அறை மூலையில் பஞ்சு மூட்டைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு கிசுகிசுப்பான். உன் பக்கத்தில் யாரும் தூங்கவில்லையே, நீ ஏன் ரகசியம் பேசுகிறாய் என்று கேட்டால் விழிப்பான். தாலி கட்டிய புருஷனும் பெண்டாட்டியும் கள்ளக்காதலர்கள் மாதிரி வருஷக்கணக்காகப் பேசிக்கொண்டார்கள். போகப்போக வீட்டிலும் அவனுக்குக் குரல் இறங்கிவிட்டது. மகள் கல்லூரி விடுதியிலிருந்து பேசும்போது, "அப்பா, சத்தமா பேசுப்பா, நான் என்ன தொட்டில்லயா கிடக்கேன்" என்று கத்துவது எனக்கே கேட்கும்.

கட்டிலில் அவன் ஓரமாகத்தான் படுப்பான். அவள் பக்கம் அவள் பக்கமாகவே இருந்தது. அவளுடைய வீட்டுச் செருப்பு கதவுக்குப் பின்னால் இருந்த இடத்திலேயே இருந்தது. பெருக்கும்போது எடுத்து, பெருக்கிவிட்டு அதே இடத்தில் வைப்பான். ஒருநாள் மதியம் நோயாளிகள் இல்லாத நேரத்தில் என் அறைக்கு வந்து உட்கார்ந்தான். "அக்கா, அவ முகம் போன்ல தெரியுது. குரலும் கேக்குது. அவ நடக்கிற சத்தம் மட்டும் மறந்துபோச்சு" என்றான். போய்க் காதைத் துடை என்று சொல்லி அனுப்பினேன்.

ஏழாவது வருஷத்தில் அந்த மகனுக்கு வீட்டிலிருந்தபடியே வேலை பார்க்கும்படி அமைந்தது. அம்மாவை இனி நானே பார்த்துக்கொள்கிறேன் என்று பாஸ்போர்ட்டை எடுத்துக் கொடுத்தான். அவள் வந்து சேர்ந்தாள்.

அவன் வீட்டுக்கு வெள்ளையடித்திருந்தான். காதுக்குப் பின்னால்கூடச் சுத்தமாக இருந்தது. அவள் உள்ளே வந்து, நடு அறையில் பையைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். எங்கே வைக்கட்டும் என்று அவனைக் கேட்டாள். அவன் சிரித்துவிட்டான், வேடிக்கைக்குக் கேட்கிறாள் என்று. அவள் அப்படியே நின்றாள்.

அடுத்து வந்த நாட்களில் அவன் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வற்றியது. குளிக்கப் போகட்டுமா என்று கேட்டாள். அவன் உட்காரும்வரை உட்கார மாட்டாள். தட்டில் இன்னொரு கரண்டி வைத்துக்கொள்ள அவன் முகத்தைப் பார்த்தாள். கட்டில் விரித்திருக்க, தரையில் கதவோரம் படுத்தாள். இவன் ஆசையோடு கையைப் பிடித்தால் கையைக் கொடுத்தாள், அவ்வளவுதான். விடுமுறைக்கு வந்துபோன மகள் படியிறங்கும்போது என்னிடம், "பெரியம்மா, போன்ல பேசுறப்போ அம்மா பக்கத்துல இருந்தாங்க. இப்பத்தான் தூரமா இருக்காங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். பெற்ற பெண்ணுக்குத் தெரியாதா.

அவன் வேலைக்குக் கிளம்பிய முதல் காலையிலேயே அந்தப் பிரச்சினை தொடங்கியது. அவள் கதவு வரை வந்து, பூட்டை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

"வெளியே பூட்டிட்டுப் போங்க."

உனக்கு என்ன பைத்தியமா என்று அவன் கேட்டுவிட்டான். பூட்டை அலமாரிக்குள் எறிந்துவிட்டு, கதவை விரியத் திறந்து வைத்துவிட்டு வந்தான். சாயங்காலம் போய்ப் பார்த்தால் அவள் கதவுக்குப் பின்னால் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள். அடுப்புப் பற்றவைக்கவில்லை, பகலில் ஒன்றும் சாப்பிடவில்லை. மதியச் சாப்பாட்டுக்கு வந்தபோது நான்கூடப் போய்ப் பேச்சுக் கொடுத்தேன். நீங்கள் வந்தது நல்லதாகப் போயிற்று அக்கா என்றாளே தவிர, அந்த இடத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை. மறுநாளும் அப்படித்தான். அதற்கடுத்த நாளும். ஒவ்வொரு காலையும் பூட்டை எடுத்துக் கொடுப்பாள், அவன் வாங்க மாட்டான்.

என்னிடம் வந்து புலம்பினான். ஏழு வருஷம் அடைத்து வைத்திருந்தவனை விட்டுவிட்டு, திறந்து வைத்திருக்கிற என்னைப் பார்த்து இவள் பயப்படுகிறாளே அக்கா என்றான். கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தது அவனுக்கு. நான் ஆறுதலெல்லாம் சொல்லவில்லை. "ஊர்ல உள்ள கை காலெல்லாம் ஒரு வாரம் மடங்கி நின்னா பொறுத்துப்ப. உன் பெண்டாட்டி மட்டும் பிளேன்ல இருந்து இறங்கினதும் நீட்டி மடக்கணுமா?" என்றேன். அவன் எழுந்து போனான். வாய் கொஞ்சம் நீளம்தான் எனக்கு, ஒப்புக்கொள்கிறேன்.

மறுநாள் காலையில் அவன் வீட்டு வாசலில் சாவிச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். அவன் கதவைச் சாத்தினான். எங்கள் குடியிருப்புக் கதவுகளில் வெளிப்பக்கம் இரும்புத் தாழ்ப்பாள், நிலையில் ஒரு வளையம். தாழ்ப்பாளை வளையத்துக்குள் இழுத்துவிட்டுத்தான் பூட்டை மாட்ட வேண்டும். இவன் தாழ்ப்பாளைத் தொடவே இல்லை. வெறும் வளையத்தில் பூட்டை மாட்டி, கடகடவென்று ஆட்டி, சாவியைத் திருப்பி உருவி, பையில் போட்டுக்கொண்டான். கதவு வெறுமனே சாத்தியிருந்தது. உள்ளேயிருந்து ஒரு விரலால் இழுத்தால் திறந்துகொள்ளும். என்னைப் பார்த்ததும் உதட்டில் விரலை வைத்தான்.

அன்றைக்கு எனக்கு வார விடுமுறை. அவன் வீட்டில் குக்கர் விசில் அடித்தது. துணி துவைக்கும் சத்தம் வந்தது.

சாயங்காலம் இன்னும் பெரிய வேடிக்கை. பூட்டாத கதவின் முன்னால் நின்று, வளையத்தில் தொங்கும் பூட்டுக்குள் சாவியை விட்டு, மிகுந்த பொறுப்போடு திறந்தான். மாடி வீட்டு டிரைவர் படியில் நின்று பார்த்துவிட்டு, கட்டுக்காரருக்கு மாவு தலைக்கு ஏறிவிட்டதா என்று என்னிடம் கேட்டார். உங்கள் வேலையைப் பாருங்கள் என்று அனுப்பினேன். ஆனால் சாவி திரும்பியதும் உள்ளே என்ன நடந்தது என்பதை நான் பார்த்தேன். கதவு திறந்தபோது அவள் வாசலுக்கு வந்திருந்தாள். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே வந்த வேகமும், அந்த முகமும்! வந்ததிலிருந்து அவளிடம் அப்படி ஒரு முகத்தை நான் கண்டதில்லை. அந்த ஊர் மொழியில் ஏதோ சொன்னாள். பிறகு, "சாப்டீங்களா?" என்றாள்.

அந்த முகத்தில் அவன் சிக்கிக்கொண்டான். வேறு எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. மதியத்திலிருந்தே அவனுக்கு இருப்புக் கொள்ளாது. வழக்கமாக எல்லோரும் போன பிறகு வாளியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுக் கிளம்புகிறவன், இப்போது மணி அடிக்கும் முன்பே வாசலில் நிற்பான். அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் அவன் பகல் முழுக்க வேலை பார்த்தான். பூட்டைத் திறக்கும் நிமிஷம் முடிந்ததும் அவள் முகம் பழையபடி அடங்கிவிடும். மறுபடி எங்கே வைக்கட்டும், என்ன செய்யட்டும். அவனுக்கு அது போதவில்லை, ஆனால் அதை விடவும் முடியவில்லை. அந்த முகம் எனக்காகத்தானா அக்கா என்று ஒருநாள் கேட்டான். நான் எலும்பைத்தான் பார்ப்பேன், மனசைப் படம் எடுக்கிற மெஷின் எங்களிடம் இல்லை என்றேன்.

இப்படியே நாட்கள் போயின. அவள் கட்டிலில் படுக்க ஆரம்பித்தாள், ஓரமாக. அவனும் ஓரமாக. நடுவில் இடம் கிடந்தது.

அப்புறம் ஒருநாள் மதியம் அவன் என் அறைக்கு வந்தபோது முகமே சரியில்லை. கதவைச் சாத்திக்கொண்டான். கொஞ்ச நாளாக அந்தம்மாவின் மகன் தனக்குப் போன் செய்துகொண்டிருக்கிறான் என்றான். அம்மா சாப்பிட மாட்டேன் என்கிறார், வாயையே திறப்பதில்லை, நாளெல்லாம் கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், உங்கள் வீட்டம்மாவைத்தான் தேடுகிறார் போலிருக்கிறது, டிக்கெட் அனுப்புகிறேன், தயவுசெய்து அவரை அனுப்பி வையுங்கள் என்று அரைகுறை ஆங்கிலத்தில் கெஞ்சுகிறானாம். இவன் சொல்கிறேன், சொல்கிறேன் என்று சமாளித்திருக்கிறான். அவளிடம் மூச்சுவிடவில்லை. இப்போது அந்த எண் வந்தால் எடுப்பதையே விட்டுவிட்டான்.

"சொன்னா போயிடுவா அக்கா. அந்தம்மான்னா அவளுக்கு உசுரு. தூக்கத்துல அவங்க மொழியிலதான் பேசுறா. போனா திரும்பி வரமாட்டா."

எனக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த படத்தை மேஜையில் வீசினேன். "கதவைப் பூட்டாம விட்டிருக்கேன்னு பெருமையா சுத்துறியே, அவளுக்கு வர்ற போனை நீ பையில போட்டுப் பூட்டி வச்சிருக்கே. அந்த மகனுக்கும் உனக்கும் என்ன வித்தியாசம்? அவனாவது கண்ணுக்குத் தெரியிற பூட்டா போட்டான்" என்றேன்.

அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் ஏழு வருஷம் அவ இல்லாம இருந்துட்டேனே அக்கா என்று மட்டும் சொன்னான். அதைக் கேட்டதும் என் கோபம் போய்விட்டது, ஆனால் நான் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

சாயங்காலம் இருவரும் ஒன்றாகத்தான் நடந்து வந்தோம். பூட்டைத் திறந்தான். அவள் வந்தாள், அந்த முகத்தோடு. நீங்களும் வாருங்கள் அக்கா என்று அவன் என்னையும் உள்ளே கூப்பிட்டான். தனியாகச் சொல்லத் தைரியமில்லை போலும். உட்காரக்கூட இல்லை, நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். அந்தம்மா சாப்பிடாததை, டிக்கெட்டை, தான் மறைத்ததை. கடைசியில், "போகணும்னா போ. நான் தடுக்கல" என்றான். சொல்லும்போது அவன் குரல் பழைய கிசுகிசுப்புக்குப் போயிருந்தது.

அவள் அவனைத் திட்டவில்லை. நீங்கள் மறைக்காமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம் என்பதுபோலப் பார்த்தாள். அவன் பையிலிருந்த பூட்டுச் சாவியை வாங்கி, உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க வெளியில தாழ்ப்பாள் போடலேன்னு மொத நாளே தெரியும்."

அவன் திடுக்கிட்டான். நானும்தான்.

"தாழ்ப்பாள் இழுபடுற சத்தம் வரலியே. ஏழு வருஷம் கேட்டவளுக்குத் தெரியாதா?"

பிறகு ஏன் ஒருநாள்கூட வெளியே வரவில்லை என்று அவன் கேட்டான். அவள் சொன்னது எங்களிடம் சொன்ன மாதிரியே இல்லை.

அங்கே போன புதிதில், சாயங்காலம் சாவி திரும்பும்போதெல்லாம், இன்றைக்கு இவர் உன்னை ஊருக்கு அனுப்புகிறேன் என்று சொல்லிவிடுவார் என்று நினைப்பாளாம். கொஞ்ச காலத்தில் அந்த நினைப்பு நின்றுவிட்டது. ஆனால் சாவிச் சத்தத்துக்காகக் காத்திருப்பது நிற்கவில்லை. அந்தம்மாவும் மகனுக்காக அதற்குத்தான் காத்திருப்பார். வெயில் சாயும்போது இருவரும் கதவைப் பார்த்து நாற்காலியைப் போட்டுக்கொண்டு, கையைப் பிடித்துக்கொண்டு உட்காருவார்களாம். சாவி திரும்பியதும் அந்தம்மா, வந்துட்டான் என்பார். மகன் வந்து தலையைத் தடவிவிட்டுத் தன் அறைக்குப் போய்விடுவான். அதற்கப்புறம்தான் அந்தம்மா சாப்பிட வாயைத் திறப்பார். இங்கே அவள் வாசலில் சொல்லிக்கொண்டிருந்த வார்த்தையும் அந்த 'வந்துட்டான்'தான்.

"கதவுல பூட்டு தொங்கினாலே யாரோ ஒருத்தர் திறக்க வருவாங்கன்னு இருக்கும். திறந்து கிடந்தா, யாரு வரப்போறாங்க?"

நான் வரமாட்டேனா என்று கட்டுக்காரன் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். ஏழு வருஷமாக அவளுக்காக யாரும் கதவைத் திறக்க வராத வீட்டில் அவள் இருந்தாள் என்பது, அவனுக்கு அப்போதுதான் உறைத்தது என்று நினைக்கிறேன். சாவி தினமும் திரும்பியது, ஆனால் திருப்பியது இன்னொருத்தருடைய பிள்ளை.

போனை எடுங்கள் என்றாள். அவன் அந்த எண்ணைப் போட்டு, முகம் தெரியும்படி வைத்தான். மகன் எடுத்தான். தாடி வளர்ந்து, பார்க்கப் பாவமாக இருந்தான். போனை அம்மாவிடம் திருப்பினான். இவ்வளவு சின்ன உருவமாக இருப்பார் என்று நான் நினைக்கவில்லை. நாற்காலியில் சாய்ந்து, எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். இவள் கூப்பிட்டாள். அவர் மொழியில் கூப்பிட்டாள், கொஞ்சினாள், பாட்டு மாதிரி ஏதோ சொன்னாள். அந்தம்மா திரும்பவே இல்லை. இவளுக்குக் கண் தளும்பியது. தன்னைத்தான் தேடுகிறார் என்று கேட்டதிலிருந்து அவளுக்குள் ஒரு சந்தோஷம் இருந்திருக்கும், அது போயிற்று.

சட்டென்று சாவியைக் கட்டுக்காரன் கையில் திணித்தாள். "வெளியே போய்ப் பூட்டித் திறங்க. தாழ்ப்பாளையும் போடுங்க."

அவன் ஓடினான். நானும் அவளும் உள்ளே. கதவைச் சாத்தினான். தாழ்ப்பாள் கிரீச்சென்று இழுபட்டது. பூட்டு விழுந்தது. அவள் போனைக் கதவருகே பிடித்தாள். சாவி திரும்பியது.

போனில் அந்தம்மாவின் தலை நிமிர்ந்தது. வந்துட்டான் என்றார். அந்த ஒரு வார்த்தை எனக்கும் இதற்குள் பழகியிருந்தது. அவர் போனைப் பார்க்கவில்லை, தன் வீட்டுக் கதவைப் பார்த்தார். அம்மா, நான் இங்கேதான் இருக்கிறேன் என்று மகன் பக்கத்தில் குனிந்து சொன்னானாம். அவர் அவனை விலக்கிவிட்டுக் கதவையே பார்த்தார்.

பக்கத்திலேயே இருக்கிற பிள்ளைக்காகத்தான் அந்தம்மா பட்டினி கிடந்து காத்துக்கொண்டிருந்தார். அவன் வேலையை வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டான், நாள் முழுக்க அம்மாவின் காலடியில் இருந்தான். வெளியே போகாதவன் எப்படித் திரும்பி வருவான்? அவனும் நல்லதுதான் செய்தான், வழக்கம்போல.

அவள் அந்த மகனிடம் பேசியதை அப்புறம்தான் எனக்கு விளக்கிச் சொன்னாள். சார், நீங்கள் எழுந்து வெளியே போங்கள், பூட்டுங்கள், பத்து வீடு தாண்டி நடந்துவிட்டு வந்து திறங்கள் என்றிருக்கிறாள். அவன் போனை மேஜையில் சாய்த்து வைத்துவிட்டுப் போனான். நாங்கள் மூவரும் அந்தம்மாவோடு சேர்ந்து அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கட்டுக்காரன் பூட்டும் கையுமாக உள்ளே வந்து நின்றிருந்தான். கடைசியில் அங்கே சாவி திரும்பியது. மகன் உள்ளே வந்தான். அந்தம்மா இரண்டு கையையும் நீட்டினார். நேரமாயிற்றே, சாப்பிட்டாயா என்று கேட்டாராம். மகன் மண்டியிட்டு அழுதான். அழுதுகொண்டே சூப்பை எடுத்து ஊட்டினான். வாய் திறந்தது.

போனை வைத்த பிறகு அவள் தரையில் உட்கார்ந்து அழுதாள். சத்தமாக, வாய்விட்டு. வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் கேட்ட முதல் பெரிய சத்தம் அதுதான். "இனிமே அவங்களுக்கு நான் வேண்டாம்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அவளை அடைத்து வைத்த வீடுதான். ஆனால் அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் அந்த வீட்டில்தானே இருந்தார். அந்த ஏக்கத்துக்கு என்னிடம் மருந்தில்லை. கட்டுக்காரன் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் முழங்கைக்கு அடியில் தன் கையைக் கொடுத்து வைத்துக்கொண்டான். இழுக்கவில்லை. இதைப் பெரிய தத்துவமாக்க எனக்கு இஷ்டமில்லை; அவனுக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். நான் என் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மறுநாள் அவள் பூட்டை எடுத்துக் கொடுக்கவில்லை. அவனும் கேட்கவில்லை. சாவியை ஆணியில் மாட்டிவிட்டு வந்தான். சாயங்காலம் கதவைத் தட்டினானாம். அவள் வந்து திறந்தாளாம். அந்த முகம் இருந்ததா என்று கேட்டேன். பாதி இருந்தது அக்கா என்றான். பாதிக்கே அவனுக்கு அவ்வளவு சந்தோஷம். ஆனாலும் வெயில் சாயும் நேரத்தில் அவள் பேச்சு நின்றுபோவதை நானே பார்த்திருக்கிறேன். கையிலிருப்பதை வைத்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து, பக்கத்துக் காலி நாற்காலியின் மேல் கையை வைத்துக்கொள்வாள். அவன் அந்த நாற்காலியில் போய் உட்கார மாட்டான். அது அவனுக்கான இடமில்லை என்று தெரிந்துவைத்திருந்தான்.

மழைக்காலம் தொடங்கிய சமயம். ஒருநாள் சாயங்காலம் நான் வேலை முடிந்து வரும்போது கட்டுக்காரன் தன் வீட்டு வாசலில் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தான். கதவில் தாழ்ப்பாள் இழுத்து, பூட்டு முறையாகத் தொங்கியது. சாவி அவனிடம் இல்லை. எங்கே அவள் என்றேன். தெரியவில்லை என்றான். பக்கத்தில் விசாரிக்கட்டுமா என்றேன். வேண்டாம் என்றான். என் வீட்டில் வந்து உட்கார், டீ போடுகிறேன் என்றதற்கும் தலையை ஆட்டிவிட்டான். கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தெருப்பக்கம் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மாடி வீட்டு டிரைவர் இறங்கி வந்தவர், என்ன கட்டுக்காரரே, வீட்டைவிட்டுத் துரத்திட்டாங்களா என்று கேட்டுவிட்டுப் போனார். அவன் சிரித்தான். உள்ளுக்குள் அவன் பயந்துகொண்டிருந்தான் என்பது எனக்குத் தெரியும். நானும் என் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, உள்ளே போகாமல் நின்றேன்.

கீழே யாரோ நடந்து வரும் சத்தம் கேட்டது. எனக்கு அது யாரோ ஒருத்தருடைய செருப்புச் சத்தம்தான். அவன் நிமிர்ந்தான்.

அவள் படியேறி வந்தாள். தலைமுடி தூறலில் நனைந்திருந்தது, கையில் ஒன்றுமில்லை, சாவியைத் தவிர. எங்கே போனாய் என்று அவன் கேட்கவில்லை. நான்தான் கேட்டேன். சும்மா நடந்துட்டு வந்தேன் அக்கா என்றாள்.

"வந்துட்டியா" என்றான் அவன். சத்தமாகவே சொன்னான்.

அவள் அவனைத் தாண்டிப் போய்ப் பூட்டைப் பிடித்தாள். அவன் எழுந்திருக்கவில்லை. சாவி திரும்பும் சத்தத்தைக் கேட்டுவிட்டுத்தான் எழுந்தான்.